வித்தைப் பழிக்கும் முன் வைக்கோலைப் பிழிந்து பாருங்கள்

"வித்து போட்டு இருபது நாளாகிறது. பையில் பாதிகூட வெள்ளை ஓடவில்லை. வித்து சரியில்லை போலிருக்கிறது." வீட்டுக் கொட்டகையில் சிப்பிக் காளான் வளர்ப்பவர்கள் எங்களிடம் கொண்டு வரும் புகார்களில் அடிக்கடி கேட்பது இதுதான். வைக்கோல், விறகு, பாலிதீன் பை, வித்து என்று கைக்காசைப் போட்டுவிட்டு, மொட்டு வரும் நாளை எண்ணிக் காத்திருந்தவருக்குக் கோபம் வருவது நியாயமே. இரண்டு முறை இப்படி ஆனால் மூன்றாம் முறை அவர் வித்து வாங்கப் போவதில்லை. கீற்றுக் கொட்டகையில் ஆடு கட்டிவிடுவார். அப்படி ஆடு கட்டிய காளான் கொட்டகைகளை நான் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன்.

இது விஷயத்தில் என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வெள்ளை ஓடவில்லை என்று என்னிடம் காட்டப்பட்ட பைகளில் பெரும்பாலானவற்றில் வித்தின் மேல் குற்றம் இல்லை. குற்றம் தண்ணீரின் மேல். அந்தத் தண்ணீர் அதிகமானதற்கு விவசாயி மட்டும் காரணமல்ல, துண்டுப் பிரசுரம் எழுதிய எங்களுக்கும் அதில் பங்கு உண்டு. "வைக்கோலின் ஈரப்பதம் 65 சதவிகிதம் இருக்க வேண்டும்" என்று எழுதுகிறோம். சதவிகிதத்தை எந்தக் குடியானவர் வீட்டில் எதைக் கொண்டு அளப்பது? கோவையில் 1943-ஆம் ஆண்டிலேயே வைக்கோல் காளான் வளர்ப்பைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் 1962-இல் வைக்கோலில் சிப்பிக் காளான் வளர்த்துக் காட்டினார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஈரத்தை நாங்கள் ஆய்வுக்கூடக் கணக்கிலேயே சொல்லிக்கொண்டிருப்பது சரியல்ல.

தராசு இருந்தால் போதும். நன்றாகக் காய்ந்த வைக்கோல் ஒரு கிலோவை நிறுத்து, துண்டாக்கி, சாக்கில் கட்டி, அடையாளம் வைத்து, மற்ற வைக்கோலோடு சேர்த்தே ஊறவைத்து வேகவையுங்கள். வடிகட்டி நிழலில் உலர்த்தியபின், சாக்கின் எடை நீங்கலாக மறுபடி நிறுத்துப் பாருங்கள். இரண்டரை கிலோவை ஒட்டி இருந்தால் ஈரம் சரி. மூன்று கிலோவைத் தாண்டினால் இன்னும் உலர வேண்டும். தராசு இல்லாதவர்களுக்குக் கையே தராசு. ஒரு பிடி வைக்கோலை எடுத்து பலமாகப் பிழியுங்கள். உள்ளங்கை நனைய வேண்டும். விரலிடுக்கில் சொட்டு விழக்கூடாது. சொட்டினால் அன்றைக்குப் பை கட்ட வேண்டாம், சாயங்காலம் வரை காத்திருங்கள். "நேரமாகிறது, ஆள் கூலி போகிறது" என்று ஈரத்தோடு கட்டிய பைகள்தான் பின்னால் எங்களிடம் வருகின்றன.

ஈரம் மிஞ்சினால் என்ன ஆகிறது? காளானின் பூசண இழைக்கு மூச்சு விடக் காற்று வேண்டும். வைக்கோல் துண்டுகளுக்கு இடையே உள்ள சந்துகளில் தண்ணீர் நின்றால் காற்றுக்கு இடமில்லை. அங்கே இழை ஓடாது; பாக்டீரியாக்கள் பெருகிப் புளிக்க வைக்கும். இப்போது அறுவடை இயந்திரத்தில் அடித்து, உருளைக் கட்டாகக் கட்டி வரும் வைக்கோலைப் பலர் வாங்குகிறார்கள். அது நசுங்கி வருவதால் சீக்கிரம் தண்ணீர் குடிக்கிறது. களத்தில் கையால் அடித்த வைக்கோலுக்குச் சொன்ன ஊறல் நேரத்தை அதற்கு அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாது. கட்டைப் பிரிக்கும்போதே உள்ளே கறுத்து, மக்கல் வாடை வந்தால் அது மழையில் நனைந்தது. அதை மாட்டின் காலடியில் போடலாம், காளானுக்கு உதவாது.

பையை வெளியிலிருந்து பார்த்தே நோயைப் பெரும்பாலும் அறிந்துகொள்ளலாம். மேல்பாதி வெள்ளையாகி, அடியில் மட்டும் பழுப்பாக, மூலையில் தண்ணீர் தேங்கி, புளித்த வாடை வந்தால் ஈரம் அதிகம் என்று பொருள். சுற்றிலும் வெள்ளை பிடித்து நடுவயிறு மட்டும் அப்படியே இருந்தால், பையை இறுக்கித் திணித்திருக்கிறீர்கள் அல்லது உள்ளே உஷ்ணம் ஏறியிருக்கிறது. எல்லாப் பையும் சுத்தமாக, வாடையில்லாமல், ஆனால் நிதானமாக ஓடினால் அது நோயே அல்ல. மார்கழி தை மாதங்களில் இரவு குளிர்ந்தால் இருபது நாள் வேலைக்கு ஒரு வாரம் கூடவே ஆகும். நீலகிரி, ஏற்காடு போன்ற மலைப் பகுதிகளில் இன்னும் தாமதமாகும். பொறுத்திருப்பதைத் தவிர அதற்கு மருந்தில்லை.

கவனித்துப் பார்க்க வேண்டிய இன்னொரு நிலை உண்டு. சோள மணியைச் சுற்றி மட்டும் பஞ்சுபோல வெள்ளை கட்டிக்கொண்டு, பக்கத்து வைக்கோலுக்குத் தாவாமல் நிற்கும். இதைப் பார்த்துத்தான் பலர் வித்து மோசம் என்கிறார்கள். உண்மையில் இது வித்து உயிரோடிருப்பதற்குச் சாட்சி. தாவ முடியாதபடி வைக்கோல் இருக்கிறது. ஒன்று, அது வறண்டிருக்கும், அல்லது புளித்திருக்கும், அல்லது பார்மலின் வாடை போகாமல் இருக்கும். விறகுச் செலவை மிச்சப்படுத்த பார்மலினும் கார்பென்டசிமும் கலந்த தண்ணீரில் வைக்கோலை ஊறவைக்கும் முறை ஒன்று பழக்கத்தில் இருக்கிறது. அளவு தப்பினால் கெட்ட பூசணத்தைக் கொல்லும் மருந்து நல்ல பூசணத்தையும் தடுத்துவிடும். கண்ணையும் மூக்கையும் எரிக்கும் அந்த மருந்தை, குழந்தைகள் நடமாடும் வீட்டில் வைத்துக்கொள்வதும் எனக்குச் சம்மதமில்லை. சிறிய அளவில் செய்கிறவர்கள் வெந்நீரிலேயே ஒரு மணி நேரம் வேகவைப்பது நல்லது. வெந்த வைக்கோல் நன்றாக ஆறியபின்தான் வித்தைத் தூவ வேண்டும். நடுவில் கை விட்டால் சூடு தெரியக்கூடாது. மேலே ஆறி உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும் குவியலில் வித்து வெந்துபோகும்.

அடுத்தது கொட்டகை உஷ்ணம். அறையில் தொங்கும் உஷ்ணமானி 28 சென்டிகிரேடு காட்டலாம். இழை ஓடும்போது அதுவே சூட்டை உண்டாக்குவதால் பைக்குள் அதைவிடச் சில டிகிரி கூடுதலாகத்தான் இருக்கும். பைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் நடுப் பைகள் 35 டிகிரியைத் தாண்டிவிடும். அதன்பின் வெள்ளை நின்றுவிடும், பச்சைப் பூசணம் கிளம்பும். விளைச்சல் கூடும் என்று தவிடு, கொள்ளு மாவு சேர்ப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சத்து கூடினால் சூடும் கூடும். பைகளை உறியில் தொங்கவிட்டு, பைக்குப் பை ஒரு சாண் இடைவெளி விடுங்கள். சிமெண்ட் அட்டைக் கூரைக்குமேல் தென்னங்கீற்றைப் பரப்புங்கள். சித்திரை, வைகாசியில் சமவெளியில் சிப்பிக் காளானோடு மல்லுக்கட்டுவதைவிட பால் காளானுக்கு மாறிவிடலாம். 1998-இல் வெளியான ஏபிகே 2 என்ற பால் காளான் 30 முதல் 35 டிகிரி உஷ்ணத்தில் நன்றாக வருகிறது. ஆனால் அதற்கு மேல்மண் போட வேண்டும், வேலை அதிகம்.

இத்தனை சொன்னதால் வித்து விற்பவர்கள் எல்லோரும் குற்றமற்றவர்கள் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். கிழட்டு வித்து விற்கப்படுகிறது. நான் ஒருமுறை சோதனைக்காக வாங்கிய பொட்டலத்தில் மணிகள் பாறைபோல ஒட்டிக்கொண்டு, மஞ்சள் பூத்து, அடியில் தண்ணீர் கட்டியிருந்தது. எப்போது தயாரித்தது என்று கேட்டதற்குக் கடைக்காரரிடம் பதில் இல்லை. வித்து தயாரித்துப் பதினைந்து இருபது நாளில் வெள்ளை முழுவதும் மூடியவுடன் பயன்படுத்துவது நல்லது. சாதாரண அறை உஷ்ணத்தில் ஒரு மாதத்துக்கு மேல் போனால் வேகம் குறையும். ஆகவே, ஒவ்வொரு பொட்டலத்திலும் தயாரித்த தேதி இருக்க வேண்டும். நெல் விதைக்குச் சீட்டு கேட்கிற விவசாயி காளான் வித்துக்கு ஏன் கேட்கக்கூடாது? தேதி இல்லாத பொட்டலத்தை வாங்காமல் திருப்பிக் கொடுங்கள். பத்துப் பேர் திருப்பிக் கொடுத்தால் பதினோராவது பொட்டலத்தில் தேதி வந்துவிடும். வாங்கிய வித்தை உச்சி வெயிலில் வண்டிப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு மற்ற வேலைகளை முடித்துவிட்டு வீடு திரும்பும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். இரண்டு படுக்கைக்கு உரிய ஒரு பொட்டலத்தை நான்காகப் பிரிப்பதும் சிக்கனமல்ல. மணிக்கு மணி தூரம் கூடினால் இழை வந்து சேருமுன் பச்சைப் பூசணம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

வித்தா, வைக்கோலா என்ற வழக்கைத் தீர்க்க ஒரு சுலபமான சோதனை உண்டு. பை கட்டும் அன்றே, அதே வித்தில் ஒரு ஸ்பூன் எடுத்து வையுங்கள். கொதிநீரில் கழுவிய டிபன் டப்பாவில், தனியாக வேகவைத்து நன்றாகப் பிழிந்து ஆறவைத்த வைக்கோல் ஒரு பிடி போட்டு, அதன்மேல் இந்த வித்தைத் தூவுங்கள். மூடியை லேசாக வைத்து, வீட்டுக்குள் நிழலில் வைத்துவிடுங்கள். மூன்று நான்கு நாளில் மணியிலிருந்து வெள்ளை வைக்கோலுக்குத் தாவிவிட்டால் வித்து நல்லது. பிறகு பைகளில் தாமதம் கண்டால் உங்கள் வைக்கோலையும் கொட்டகையையும் பாருங்கள். டப்பாவிலும் ஒன்றும் நடக்கவில்லையென்றால் அந்த டப்பாவையே எடுத்துக்கொண்டு வித்து விற்றவரிடம் போங்கள். வெறும் வாய்ப்பேச்சைவிட அது பலமான சாட்சி.

தாமதமான பைகளைக் கண்டு பதறிப்போய்ச் செய்யும் காரியங்கள் பெரும்பாலும் கெடுதலையே செய்கின்றன. உள்ளே என்ன ஆயிற்று என்று பையைப் பிரித்துப் பார்க்கிறார்கள். காய்ந்திருக்குமோ என்று தண்ணீர் தெளிக்கிறார்கள். காற்று போதாதென்று உடம்பெல்லாம் ஓட்டை போடுகிறார்கள். இழை ஓடும் காலத்தில் சிப்பிக் காளானுக்கு அதிகக் காற்றோட்டம் வேண்டியதில்லை, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு துளைகளே போதும். நல்ல காற்று தேவைப்படுவது மொட்டு விடும்போதுதான். அடியில் தண்ணீர் தேங்கிய பைக்கு மட்டும், கொதிநீரில் முக்கிய ஊசியால் அடிமூலையில் இரண்டு மூன்று இடத்தில் குத்தி, கொட்டகைக்கு வெளியே ஒரு நாள் தொங்கவிட்டு நீரை வடிய விடுங்கள். வாடை குறைந்து வெள்ளை கீழ்நோக்கி நகர ஆரம்பித்தால் அந்தப் பை பிழைத்துக்கொள்ளும். பச்சை படர்ந்த பைகளை அன்றே அப்புறப்படுத்த வேண்டும். கொட்டகைக்குள் பிரிக்காமல், காற்று திரும்ப வராத திசையில் குழி வெட்டிப் போட்டு மண்ணால் மூடிவிடுங்கள். அந்தப் பையைத் தொட்ட கையோடு அடுத்த பைக்குப் போகக்கூடாது. ஒவ்வொரு பையிலும் கட்டிய தேதியையும், வித்தின் தேதியையும், அன்று நிறுத்த வைக்கோலின் எடையையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கட்டிவையுங்கள். எங்களிடம் வரும்போது பையோடு அந்தச் சீட்டையும் கொண்டு வாருங்கள்.