தவிட்டோடு போகும் உயிர்ச்சத்து

கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக நீலமலை ஏறுவோர் குன்னூரைக் காண்பர். அங்குள்ள பாஸ்டர் நிலையத்தில், 1918ஆம் ஆண்டில், ஓர் அறையில், இராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவ அறிஞர் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். கால்கள் மரத்து, நடை தளர்ந்து, நெஞ்சு சோர்ந்து மக்களை மாய்த்துவந்த பெரிபெரி நோயே அவ்வாராய்ச்சியின் பொருள். நாளடைவில் அது பெரிய உணவு ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு மாறியது.

பெரிபெரிக்குக் காரணம் கிருமியன்று, உணவிலுள்ள குறையே. நெல்லின் உமிக்கு அடியில் தவிடும் முளையும் உள்ளன. தயமின் எனப்படும் ‘பி1’ உயிர்ச்சத்து பெரும்பாலும் அவற்றிலேயே தங்கியுள்ளது. அரிசி மல்லிகை போல் வெளுக்கவேண்டுமென்று ஆலையில் தீட்டுங்கால், அச்சத்து தவிட்டோடு நீங்கி மாட்டுத் தொட்டியைச் சேர்கிறது. மாடு கொழுக்க மனிதன் மெலிவது நல்ல வாணிகமன்று!

நெல்லை ஊறவைத்து அவித்தால் நிலைமை மாறுகிறது. தவிட்டிலுள்ள சத்து நீரோடு கலந்து அரிசியின் உள்ளே புகுந்துவிடுகிறது. பின்னர்த் தீட்டினாலும் முற்றும் நீங்குவதில்லை. ஆந்திரத்தின் வடகடற்கரையில் தீட்டிய பச்சரிசி உண்டோரைப் பெரிபெரி வாட்டிய காலத்தில், புழுங்கலரிசி உண்ட தமிழ்நாட்டில் அந்நோய் அரிதாயிருந்தது. வைட்டமின் என்னும் பெயர் பிறந்ததோ 1912இல்தான். அதற்கு முன்னரே நெல்லவித்த பெண்டிர் நோயைத் தடுக்கவென்று அவித்தாரல்லர்; குற்றும்போது அரிசி நொய்யாகாதிருக்க அவித்தனர் போலும். எனினும் பயன் கிட்டியது.

கொங்கு நாட்டுப் புன்செய்களில் விளைந்த கம்பும் சோளமும் இராகியும் இச்சத்தில் தீட்டிய அரிசியினும் மேலானவை. கோவையில் 1923ஆம் ஆண்டிலேயே இவற்றுக்கென ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. இன்றோ கம்மங்கூழ் சிலருக்கு நாணத்தக்க உணவாகவும், வேறு சிலருக்கு விலையுயர்ந்த புதுமையாகவும் தோன்றுகிறது. இரண்டும் வேடிக்கையே.

ஆயினும் தானியம் மட்டுமே போதுமென்பது தவறு. மாலைக்கண்ணைத் தடுக்கும் ‘ஏ’ சத்தை உடல் ஆக்கிக்கொள்வதற்கான பொருள் வேலியோர முருங்கைக்கீரையில் மிகுதி. சிறிது எண்ணெயோடு சமைத்தால் உடல் அதை நன்கு ஏற்கும். ‘சி’ சத்தை நெல்லிக்காயும் கொய்யாவும் தரும்.

அடுக்களையிலும் இழப்பு நேர்கிறது. ‘பி1’ நீரில் கரைவது. அரிசியைப் பன்முறை தேய்த்துக் கழுவி, கஞ்சியை வடித்துச் சாக்கடையில் ஊற்றும் வீட்டார், மருத்துவர் சொல்லாமலே உயிர்ச்சத்து மாத்திரைகளை விலைகொடுத்து வாங்குகின்றனர். அளவான நீரில் சோறாக்கினால் வடிக்கவேண்டிய தேவையே இல்லை. வடித்தாலும் அக்கஞ்சியில் உப்பிட்டுப் பருகலாம்.