மறதி என்று ஏசுவதற்கு முன்

பெரட்டில் சொன்ன மலையை மறந்து, வேறு மலையில் கூடையோடு தனியே நிற்கிறார் 47 வயதுச் சகோதரி ஒருவர். கங்காணி ஏசுகிறார், அரைப்பேர் விழுகிறது. லயத்தில் செய்வினை என்கிறார்கள். ஆணாக இருந்தால் குடி என்று முடித்திருப்போம். இப்படிப் பலரைப் பார்த்தும் நாம் பேசாமல்தான் இருந்தோம்.

டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் 65 வயதுக்கு முன்பும் வரும். தைரொயிட் சுரப்புக் குறைந்தாலும், விற்றமின் பி12 குறைந்தாலும் இதே தடுமாற்றம் வரலாம். அவற்றுக்கு மருந்து உண்டு. பூசாரியிடம் போவதென்றால் போகலாம், ஆனால் இரத்தப் பரிசோதனை முதலில்.

மறதி நோய்தான் என்றால் பூரண குணம் இல்லை. பாரம் முழுவதும் மகளின் தலையில் விழுகிறது. அவள் கொழுந்தெடுக்கப் போன நேரத்தில் அம்மா ஆற்றுப் பக்கம் இறங்கிவிட்டால்? பக்கத்துக் காம்பராக்காரர் முறைவைத்துப் பார்த்துக்கொள்ளக் காசு தேவையில்லை. மாதர் சங்கத் தலைவிகள் இந்த மாதமே தொடங்கலாம்.

தோட்டத் தலைவர்மாருக்கு ஒன்று: நோயாளியிடம் விலகல் கடிதத்தில் கையொப்பம் வாங்க விடாதீர்கள். நிரந்தரமாக வேலை செய்ய இயலாது என்ற வைத்தியச் சான்றிதழோடு, உரிய வயதுக்கு முன்பே சேமலாப நிதியைக் கேட்கலாம். விண்ணப்பம் நிரப்ப அவரைத் தனியே அனுப்பாமல் கூடவே வாருங்கள்.