இருதயத்துக்குச் சில நாள் துணை!

இருதய ஆபரேஷன் முடிந்தவரைப் பார்க்கப் போகிறோம். அவர் நெஞ்சிலிருந்து மெல்லிய கம்பிகள் வெளியே வருகின்றன. அவை ஒரு சிறு பெட்டியில் போய்ச் சேருகின்றன. "ஐயோ, இனி காலமெல்லாம் இப்படித்தானா?" என்று வீட்டார் கலங்குகிறார்கள்.

கலங்க வேண்டாம். இது தற்காலிக ஏற்பாடு.

ஆபரேஷனுக்குப் பின் சிலருக்குத் துடிப்பு மிகவும் குறைந்துவிடும். ஏற்கனவே பலவீனமான இருதயம் அதைத் தாங்காது. அப்போது இந்தப் பெட்டி கம்பி வழியே சிறிதளவு மின்சாரம் அனுப்பும். இருதயம் துடிக்கும்.

பெட்டி பிறந்த கதை

முதலில் இப்படிப்பட்ட பெட்டிகள் சுவர் மின்சாரத்தில்தான் ஓடின. 1957-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி அமெரிக்காவில் மினியாபோலிஸ் நகரில் மின்சாரம் நின்றுவிட்டது. பெட்டியை நம்பியிருக்கும் குழந்தைகளின் கதி என்ன?

டாக்டர் லில்லிஹை, என்ஜினீயர் ஏர்ல் பாக்கனிடம் யோசனை கேட்டார். சில வாரங்களில் பாட்டரியால் ஓடும் பெட்டி தயாராகிவிட்டது! கையில் எடுத்துச் செல்லும் அளவுதான்.

கம்பி எப்போது போகும்?

இருதயம் தானாக ஒழுங்காகத் துடித்தால், பெரும்பாலும் சில நாட்களில் டாக்டர்கள் கம்பியை மெதுவாக உருவிவிடுவார்கள். அதற்கு மீண்டும் நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. துடிப்பு திரும்பாத சிலருக்கு மட்டுமே தோலுக்கு அடியில் நிரந்தரப் பெட்டி வைக்கப்படுகிறது.

அதுவரை பெட்டியைத் தொடாதீர்கள். கம்பி இழுபடாமல் பார்த்துக் கொள்ளுங்கள். நோயாளி தலை சுற்றுகிறது என்றால் உடனே நர்சைக் கூப்பிடுங்கள். அந்தக் கம்பி பயத்தின் அடையாளம் அல்ல, உயிருக்குக் காவல்!