நாய் வளர்த்தா 5,000 ரூபாய் அபராதமா?

சென்னை மாநகராட்சியில் வீட்டு நாய், பூனைக்கு லைசென்ஸ் கட்டாயம். வருஷம் 50 ரூபாய் கட்டணம். எடுக்கலைன்னா 5,000 ரூபாய் அபராதம்னு 2025-ல் அறிவிச்சாங்க.

"அது சென்னைக்குத்தானே"ன்னு இருந்துடாதீங்க. 2021-ல் இருந்து நம்ம திருத்தங்கலும் சிவகாசி மாநகராட்சிக்குள்ளதான் இருக்கு. நாளைக்கு இங்கே வராதுன்னு என்ன உத்தரவாதம்?

50 ரூபாய் பெரிய காசான்னு கேப்பாங்க. பிரச்சினை அந்த 50 இல்ல, 5,000! மழை பெஞ்சா வேலை இல்லாத பட்டாசுத் தொழிலாளி, வாசல்ல கிடக்கிற நாட்டு நாய்க்கு இவ்வளவு கட்டுவாரா? "இது என் நாயே இல்ல"ன்னு தெருவில் விட்டுடுவார். தெருநாய்தான் கூடும். அதுக்கு ஊசி போடவும் ஆள் இருக்காது.

ரேபிஸ் முற்றிவிட்டால் காப்பாற்ற மருந்து கிடையாது. அதனால தடுப்பூசி கட்டாயம் வேணும். ஆனா அபராதம் நாயை ஒளிக்க வைக்கும். இலவச முகாம்தான் வெளியே கொண்டு வரும்.

மத்திய அரசின் 2023 விதிகள்படி தெருநாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் உள்ளாட்சியின் பொறுப்பு. முதல்ல அதைச் செய்யுங்க! வார்டு வார்டா இலவச முகாம் போட்டு, ஊசி போடும்போதே கட்டணமில்லாம பதிவும் பண்ணுங்க. நாங்களே நாயைக் கூட்டிட்டு வர்றோம்.

உங்க வார்டில் கடைசியா முகாம் எப்போ நடந்துச்சு? கமெண்ட்ல சொல்லுங்க, பகிருங்க!

#அபராதம்_வேண்டாம் #தடுப்பூசி_வேண்டும்