சிப்பி ஏலமும் பிள்ளை ஏலமும்

தூத்துக்குடிக் கடற்கரையில் அந்தக் காலத்தில் முத்துச் சலாபம் நடக்கும். முத்துக் குளிப்பவர்கள் கடலில் மூழ்கிச் சிப்பி எடுத்து வருவார்கள். கரையில் அதைப் பங்கு பிரிப்பார்கள். குளித்தவர்களுக்கு உரிய பங்கு போக, மீதி ஏலத்துக்கு வரும்.

அந்த ஏலத்தில் ஒரு வேடிக்கை உண்டு. சிப்பிகளை மொத்தமாக விலை கேட்பார்கள். எல்லாம் மூடிய சிப்பி! வாங்கியவர் அதை அழுக விட்டு, கழுவிப் பார்த்தால்தான் உள்ளே முத்து இருக்கிறதா, இல்லையா என்பது தெரியும். ஒருவர் பணக்காரர் ஆவார். இன்னொருவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்.

1955 முதல் 1961 வரை நடந்ததோடு பெரிய சலாபம் ஓய்ந்துவிட்டது. ஆனால் மூடிய சிப்பிக்கு விலை கேட்கும் வழக்கம் ஓயவில்லை. இப்போது அது விளையாட்டு மைதானத்துக்கு வந்திருக்கிறது.

ஆக்கி ஏலம்

2024-ம் ஆண்டு அக்டோபர் மாதம் டெல்லியில், ஆக்கி இந்தியா லீக் போட்டிக்கு வீரர்களை ஏலம் எடுத்தார்கள். ஆண்கள் அணிகள் 8. அவற்றில் ஒன்று நம் மாநிலத்தின் பெயர் கொண்ட 'தமிழ்நாடு டிராகன்ஸ்'. ஓர் அணிக்கு 24 வீரர்கள். செலவுக்கு 4 கோடி ரூபாய். வீரர்களில் இளையோர் 4 பேர் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது விதி. ஆரம்ப விலை 2 லட்சம், 5 லட்சம், 10 லட்சம் என்று மூன்று வகை. இந்திய அணித் தலைவர் ஹர்மன்பிரீத் சிங் 78 லட்ச ரூபாய்க்குப் போனார்.

ஹர்மன்பிரீத் சிங் திறந்த சிப்பி. அவர் அடித்த கோல்கள் ஊரறிந்தவை. ஆனால் அந்த இளையோர் 4 பேர்? அவர்கள் மூடிய சிப்பி. மீசை அரும்பிய பிள்ளைகள். இவர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது? முக்கியமாக, எதிரியின் கோட்டைக்குள் புகுந்து கோல் போடும் முன்கள வீரனை எப்படி அடையாளம் காண்பது?

உயரத்தை அளந்தால் போதுமா?

"நல்ல உயரம், அகன்ற தோள், இவன்தான் ஆள்" என்று சிலர் உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறு.

ஒரே வயதுப் பிரிவில் ஆடும் இரண்டு பையன்களைப் பாருங்கள். ஒருவன் ஜனவரியில் பிறந்தவன். மற்றவன் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்தவன். ஏறக்குறைய ஒரு வயது வித்தியாசம்! மூத்தவன் வளர்ந்து நிற்பான். அவனைத் தேர்ந்தெடுத்துவிட்டு இளையவனை வீட்டுக்கு அனுப்பினால், திறமையையா தேர்ந்தெடுத்தோம்? பிறந்த மாதத்தை அல்லவா தேர்ந்தெடுத்தோம்!

தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த தன்ராஜ் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். ஒல்லியான உடம்பு. ஆனால் பந்து கிடைத்தால் புயல். 4 ஒலிம்பிக் போட்டிகளில் ஆடினார். அவர் தலைமையில்தான் 1998-ம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வென்றது. உடம்பை மட்டும் அளந்திருந்தால் அந்தப் புயல் கிடைத்திருக்குமா?

எதைப் பார்க்க வேண்டும்?

பந்து காலடியில் இருக்கும்போது எல்லோரும் வீரர்தான். பந்தைப் பறிகொடுத்த பிறகு பையன் என்ன செய்கிறான்? தலையைத் தொங்கப் போடுகிறானா? திரும்பி ஓடிப் பந்தைப் பிடுங்குகிறானா? அதைப் பாருங்கள்.

ஆக்கியில் கோலுக்கு முன்னால் உள்ள வட்டத்துக்குள் இருந்து அடித்தால்தான் கோல். அங்கே கூட்டமாக எதிரிகள் நிற்பார்கள். அதில் நுழைந்து ஒரு பெனால்டி கார்னர் வாங்கிக் கொடுப்பவனும் கோல் போட்டவனுக்குச் சமம். நல்ல இடத்தில் நிற்கும் நண்பனுக்குப் பந்தைத் தள்ளுகிறவன் அவனுக்கும் மேல்.

ஆட்டம் 60 நிமிடம். நான்கு பகுதி. முதல் பகுதியைப் பார்த்துவிட்டு எழுந்து போகாதீர்கள். கால் சோர்ந்த கடைசிப் பகுதியைப் பாருங்கள். ஜெயிக்கும் நாளில் பார்ப்பதோடு, தோற்கும் நாளிலும் வந்து பாருங்கள். ஒரு நாள் பார்த்து முடிவு கட்டுவது, சிப்பியின் ஓட்டைத் தட்டிப் பார்த்து விலை சொல்வது போலத்தான்.

ஆலந்தலைக்கு யார் வருவார்?

நம் மாவட்டத்துக் கோவில்பட்டி ஆக்கிக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே அரசு பயிற்சி மையம் இருக்கிறது. அங்கே பயின்ற மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் 2022-ம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார்கள். இருவரும் முன்கள வீரர்கள். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் போட்டார். இந்தியா வெண்கலம் பெற்றது.

கார்த்தியின் ஊர் அரியலூர். அவ்வளவு தொலைவில் இருந்த பிள்ளை கோவில்பட்டிக்கு வர முடிந்தது. அப்படியானால் அதே தூத்துக்குடி மாவட்டத்து ஆலந்தலைப் பிள்ளைக்கு ஏன் அந்த வழி திறக்கக் கூடாது?

ஆலந்தலை திருச்செந்தூருக்குத் தெற்கே உள்ள மீனவர் ஊர். மணலில் ஓடி வளர்ந்த கால்கள் அங்கே இருக்கின்றன. அலையில் ஆடும் வள்ளத்தில் விழாமல் நிற்கத் தெரிந்த உடம்புகள் இருக்கின்றன. ஆக்கி மட்டையைக் கையில் கொடுத்துப் பார்க்கத்தான் ஆள் வேண்டும். கோவில்பட்டி அங்கிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர். அன்றாடம் கடலுக்குப் போகும் தகப்பனார், வேலையை விட்டுப் பிள்ளையை அழைத்துக்கொண்டு அலைய முடியுமா? தேர்வாளர்தான் வர வேண்டும். முத்து வேண்டும் என்றால் கடலுக்குள் இறங்கத்தானே வேண்டும்? முத்து தானாகக் கரைக்கு நடந்து வருமா?

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

பிள்ளையை யாராவது தேர்ந்தெடுத்தால் மகிழுங்கள். ஆனால் பள்ளிக்கூடத்தை நிறுத்தாதீர்கள். ஒப்பந்தத் தாளை வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வாசிக்கத் தடுமாறினால் வாத்தியாரிடம் காட்டுங்கள். ஏலத்தில் பெயர் வராவிட்டால் பிள்ளையைத் திட்டாதீர்கள். அடுத்த ஆண்டும் ஏலம் வரும். பிள்ளையின் மனம் உடைந்தால் ஒட்டவைப்பது கடினம்.

முத்து இல்லாத சிப்பியைக் கரையில் வீசிவிடுவார்கள். பிள்ளையை அப்படி வீச முடியாது. சிப்பியை ஒரே நாளில் திறந்துவிடலாம். பிள்ளை திறக்க ஆண்டுகள் ஆகும். காத்திருக்கப் பொறுமை உள்ளவர்களே பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க வரட்டும்!