ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள்!

கம்ப்யூட்டர் பத்திரிகையில் சைக்கிளுக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? இன்று எலக்ட்ரிக் மவுண்டன் பைக் என்ற பெயரில் விற்கப்படும் சைக்கிளைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே லித்தியம் அயன் பேட்டரி, மோட்டார், கன்ட்ரோலர் போர்டு, சென்சார், டிஸ்பிளே என்று பாதி லேப்டாப் இருக்கிறது. சில மாடல்களை ப்ளூடூத் வழியாக மொபைல் போனுடன் இணைக்கலாம். அதனாலோ என்னவோ, நம்மில் பலர் இதையும் கம்ப்யூட்டர் வாங்குவது போலவே வாங்குகிறோம். எத்தனை வாட், எத்தனை ஆம்பியர், எத்தனை கிலோமீட்டர் என்று எண்களை மட்டும் பார்த்து ஆர்டர் செய்துவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் செய்தேன். எனக்கு ஊர் சேலம். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் ஏற்காடு போய் வர வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டதால் மோட்டார் வைத்த சைக்கிள் உதவும் என்று நினைத்தேன். எக்செல்லில் ஒரு டேபிள் போட்டு, ஆறு மாடல்களின் விவரங்களை வரிசையாக எழுதினேன். அதிகமான எண்கள் எந்த மாடலுக்கு இருந்தனவோ, அதையே இன்டர்நெட்டில் ஆர்டர் செய்தேன். விலை 45 ஆயிரம் ரூபாய். கடையில் வாங்குவதைவிட 3 ஆயிரம் மிச்சம் என்று பெருமைப்பட்டேன்.

முதல் ஞாயிறே மலையேறக் கிளம்பினேன். ஏற்காடு சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஆறாவது வளைவைத் தாண்டுவதற்குள் மோட்டார் தொட முடியாத அளவுக்குச் சூடாகி, சைக்கிள் தானாக நின்றுவிட்டது. அதிகச் சூடானால் கம்ப்யூட்டர் தன்னைக் காப்பாற்றிக் கொள்ள ஷட் டவுன் ஆகிவிடும் அல்லவா? இங்கேயும் அதேதான். சூடு தணியும் வரை ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டு, வந்த வழியே திரும்பினேன்.

எண்கள் சொன்னதும் சொல்லாததும்

தவறு சைக்கிளிடம் மட்டும் இல்லை. நான் எண்களைச் சரியாகப் படிக்கவில்லை. விளம்பரத்தில் "ஒரு சார்ஜில் 60 கி.மீ." என்று இருந்தது. சேலத்தில் இருந்து ஏற்காடு சுமார் 30 கி.மீ.தான், போய் வரப் போதும் என்று கணக்குப் போட்டேன். அந்த 60 கி.மீ. என்பது சமதளச் சாலையில், மிகக் குறைந்த உதவி நிலையில், நாமும் மிதித்துக் கொண்டே போனால் கிடைப்பது.

பேட்டரியின் உண்மையான கொள்ளளவை வாட் அவரில் பார்க்க வேண்டும். வோல்ட்டை ஆம்பியர் அவரால் பெருக்கினால் அது கிடைக்கும். என் பேட்டரி 36 வோல்ட், 10 ஆம்பியர் அவர். அதாவது 360 வாட் அவர். சேலத்தில் இருந்து ஏற்காடு ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நானும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோ என்று வையுங்கள். 100 கிலோவை 1,200 மீட்டர் தூக்க மட்டுமே சுமார் 327 வாட் அவர் வேண்டும். மோட்டாரில் சூடாக வீணாவதையும் சேர்த்தால், என் கால்கள் பங்கு கொடுக்காமல் அந்தப் பேட்டரி மலை உச்சியைப் பார்க்கவே முடியாது.

வாட் விஷயத்திலும் ஏமாந்தேன். முன்பு கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்களின் அட்டைப் பெட்டியில் பி.எம்.பி.ஓ. 1,000 வாட் என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். வீட்டில் வைத்துப் பாட்டுக் கேட்டால் ஆர்.எம்.எஸ். கணக்கில் சில வாட்தான் தேறும். சைக்கிள் மோட்டாரிலும் பீக் வாட் என்பது சில வினாடிகளுக்கு மட்டும் கிடைக்கும் சக்திதான். தொடர்ந்து எவ்வளவு கொடுக்கும் என்பதே முக்கியம். நம் நாட்டில் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ன்படி 30 நிமிட சக்தி 0.25 கிலோவாட்டுக்குள்ளும், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குள்ளும் இருந்தால்தான் லைசென்சும் ரெஜிஸ்ட்ரேஷனும் இல்லாமல் ஓட்டலாம்.

இவற்றையெல்லாம் வீட்டில் உட்கார்ந்தே கணக்குப் போட்டிருக்கலாம். ஆனால் எந்த டேபிளிலும் இல்லாத மூன்று குறைகள் ஓட்டியபோதுதான் தெரிந்தன. ஒன்று, பிரேம் உயரமானது. சட்டென்று நின்றால் என் கால் தரையில் சரியாக ஊன்றவில்லை. இரண்டு, 24 கிலோ எடை. என் வீடு முதல் மாடியில் இருக்கிறது. 24 கிலோ என்று படிப்பது வேறு, அதைத் தூக்கிக் கொண்டு படியேறுவது வேறு. மூன்றாவதுதான் பெரிய குறை. அது சென்சார்.

மிதிப்பதை எண்ணுவதா, அளப்பதா?

மோட்டார் எப்போது உதவ வேண்டும் என்பதை முடிவு செய்ய இரண்டு வகை சென்சார்கள் உள்ளன. விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் இருப்பது கேடன்ஸ் சென்சார். பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பதை மட்டும் இது பார்க்கும். பெடல் கொஞ்சம் சுற்றிய பிறகே மோட்டார் விழித்துக் கொள்ளும். நாம் நிறுத்திய பிறகும் ஒரு கணம் தள்ளும். நேர்ச் சாலையில் இது தொந்தரவு இல்லை. கல்லும் மணலுமான மலைப் பாதையில், திருப்பத்தில் நாம் நிறுத்திய பிறகு சைக்கிள் தள்ளினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று டார்க் சென்சார். நீங்கள் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீர்கள் என்பதை இது அளக்கும். மெதுவாக மிதித்தால் மெதுவாக உதவும், அழுத்தினால் அதிகம் உதவும். இது புதிய யோசனை அல்ல. 1993-ல் ஜப்பானில் யமஹா விற்பனைக்குக் கொண்டு வந்த பாஸ் என்ற மின்சார சைக்கிளே மிதிக்கும் விசைக்கு ஏற்ப உதவும்படி செய்யப்பட்டதுதான்.

மோட்டார் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். சக்கரத்தின் நடுவில் இருந்தால் ஹப் மோட்டார். பெடல் அச்சில் இருந்தால் மிட் டிரைவ். மிட் டிரைவ் மோட்டார் சைக்கிளின் கியர்கள் வழியாகவே இழுப்பதால், ஏற்றத்தில் நீங்கள் கியரைக் குறைத்தால் அதன் சுமையும் குறையும். ஹப் மோட்டாருக்கு அந்த வசதி இல்லை. செங்குத்தான ஏற்றத்தில் மெதுவாகச் சுற்றும்போது மின்சாரத்தின் பெரும் பகுதி சூடாகப் போய்விடும். அந்த ஞாயிறு எனக்கு நடந்தது அதுதான்.

இந்த வித்தியாசத்தைப் படித்துத் தெரிந்து கொண்டவன் அல்ல நான். பிறகு ஒருநாள், நண்பர் வைத்திருந்த டார்க் சென்சார் சைக்கிளைப் பத்து நிமிடம் ஓட்டினேன். என் காலுக்கே பலம் கூடியது போல் இருந்தது. பல நாள் இன்டர்நெட்டில் தேடிப் படித்தது சொல்லாததை அந்தப் பத்து நிமிடம் சொல்லிவிட்டது.

கடையில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் சீட்டை உங்கள் உயரத்துக்குச் சரி செய்யச் சொல்லுங்கள், ஹெல்மெட் போட்டுக் கொள்ளுங்கள். கடை வாசலில் ஒரு ரவுண்டு அடிப்பது டெஸ்ட் ரைடு ஆகாது. அருகில் உள்ள மேம்பாலத்துக்கோ, மேடான தெருவுக்கோ கொண்டு செல்லுங்கள். ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி, அங்கிருந்து கிளம்பிப் பாருங்கள். வாகனங்கள் இல்லாத இடத்தில் பெடலை நிறுத்தி, மோட்டார் எவ்வளவு சீக்கிரம் நிற்கிறது என்று கவனியுங்கள். இறக்கத்தில் இரண்டு பிரேக்குகளையும் சோதியுங்கள். பிறகு மோட்டாரை ஆப் செய்துவிட்டு மிதியுங்கள். பேட்டரி தீர்ந்துபோகும் நாளில் வீடு திரும்ப அதுதான் வழி. வெயிலில் டிஸ்பிளே படிக்க முடிகிறதா என்று பாருங்கள். கடைசியாக, நாலு படியாவது தூக்கி ஏறுங்கள்.

பதினைந்து நிமிட ஓட்டத்தில் எல்லாம் தெரிந்துவிடாது என்பதையும் ஒப்புக் கொள்கிறேன். இரண்டு வருடம் கழித்துப் பேட்டரி எப்படி இருக்கும் என்பதை யாரும் ஓட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு வாரண்டி எத்தனை வருடம், புது பேட்டரி என்ன விலை, சர்வீஸ் உங்கள் ஊரிலேயே உண்டா என்று கேட்டு, பதிலை எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். எண்களை ஒதுக்கச் சொல்லவில்லை. வேலைக்கு ஆகாத மாடல்களைக் கழித்துக் கட்ட எண்கள் உதவும். மிச்சம் இருக்கும் இரண்டு மூன்றில் உங்களுக்கு எது என்பதை உங்கள் காலும் முதுகும்தான் சொல்ல வேண்டும்.

"சார், கீறல் விழுந்துடும், ஓட்ட எல்லாம் தர முடியாது" என்று சொல்லும் கடைக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் ஸ்கூட்டர் ஷோரூமில் டெஸ்ட் ரைடு கேட்டால் தனியாக ஒரு வண்டியே வைத்திருக்கிறார்களே! அரை லட்சம் ரூபாய் சைக்கிளுக்கு மட்டும் ஏன் கூடாது? ஒரு டெமோ சைக்கிள் வைத்திருப்பது கடைக்குப் பெரிய செலவு அல்ல. தர மறுத்தால் தாராளமாக அடுத்த கடைக்குப் போங்கள். கடையே இல்லாத மாடல் என்றால், அதை வைத்திருக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்து ஓட்டிப் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் அந்த மாடலையே விட்டுவிடுங்கள்.

என் சைக்கிள் இப்போது மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. விற்கலாம் என்று விசாரித்தால் 20 ஆயிரத்துக்கு மேல் யாரும் கேட்பதில்லை. மூவாயிரம் மிச்சப்படுத்தப் போய் இருபத்தைந்தாயிரம் இழந்ததுதான் கணக்கு. கீபோர்டைத் தட்டிப் பார்க்காமல் லேப்டாப் வாங்காதீர்கள் என்று நண்பர்களுக்கு எத்தனையோ முறை அறிவுரை சொன்னவன் நான். அதை எனக்கு நானே சொல்லிக் கொள்ளவில்லை. நீங்களாவது ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.