பேய் வரைந்த கோலம்

தோழர்களே, பேய் ஒன்றைப் பார்த்தேன்! பட்டப்பகலில், பள்ளிக்கூடத்தில், மாணவர் முப்பது பேரோடு சேர்ந்து பார்த்தேன். பதற வேண்டாம், வேப்பிலை தேட வேண்டாம். கணிப்பொறியைச் சற்று நேரம் தொடாமல் விட்டால் திரையில் படம் ஓடத் தொடங்குமே, அந்தத் திரைக்காப்பு நிரல்களுள் ஒன்றன் பெயர் 'டீமன்', தமிழில் பேய். ஜேமி சவின்ஸ்கி என்பார் 1992-இல் முதன்முதல் வெளியிட்ட 'எக்ஸ்ஸ்கிரீன்சேவர்' என்னும் இலவசத் தொகுப்பில் அது குடியிருக்கிறது.

திரை முழுதும் சிறு சிறு கட்டங்கள். கட்டிங் மேசைக்கடியில் சிதறிக் கிடக்கும் துண்டுத் துணிகளைப் போல் கண்டபடி வாரி இறைத்த நிறங்கள். விதி ஒன்றே ஒன்று. நிறங்களுக்கு ஒரு வரிசை உண்டு. கடைசி நிறத்தை அடுத்து மீண்டும் முதல் நிறம். அண்டைக் கட்டத்தில் தனக்கு அடுத்த நிறம் இருந்தால், கட்டம் அந்நிறத்திற்கு மாறும். இல்லையேல் இருந்தபடியே இருக்கும். டேவிட் கிரிஃபீத் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் வகுத்தது இவ்வளவே! முதலில் ஏதும் நிகழாதது போலத் தோன்றும். பின், அங்கொன்றும் இங்கொன்றுமாய்த் திட்டுகள் பரவும். ஒரு மூலையில் சுருள் பிறக்கும், சுழலும், பக்கத்துச் சுருளோடு மோதும். முடிவில் திரை முழுதும் சுருள்களின் ஆட்சி. அந்தச் சுருளின் வடிவம் நிரலில் எங்கும் எழுதப்படவில்லை. எந்தக் கட்டத்திற்கும் தன் அண்டையைத் தவிர வேறொன்றும் தெரியாது.

"ஒழுங்கு இருக்கிறதென்றால், ஒழுங்கு செய்தவன் ஒருவன் இருந்தே தீர வேண்டும்" என்றார், உடன் பணியாற்றும் பெரியவர் ஒருவர். எந்தக் கட்டத்தில் இருக்கிறான் ஐயா, என்றேன். "நிரலை எழுதியவன் இருக்கிறானே!" என்றார். நல்ல கேள்வி, நழுவ மாட்டேன். எழுதியவர் விதியை எழுதினார், கோலத்தை எழுதவில்லை. எவரும் நிரல் எழுதாத இடத்திலும் இதே சுருள் உண்டு. 1951-இல் பெலூசோவ் என்ற சோவியத் வேதியியலார், தம் கண்ணாடிக் குடுவையில் கரைசல் ஒன்று தானே நிறம் மாறி மாறித் துடிப்பதைக் கண்டு எழுதியனுப்பினார். 'நடக்கவே முடியாதது' என்று திருப்பியனுப்பினர் அறிவியல் இதழார்! பின்னர் ஷபோட்டின்ஸ்கியின் ஆராய்ச்சி அது மெய்யே எனக் காட்டிற்று. தட்டில் மெல்லப் பரப்பிய அந்தக் கரைசலில் வட்டங்களும் சுருள்களும் தோன்றக் கண்டனர். 1980-இல் பெலூசோவுக்கு லெனின் பரிசு அளித்தார்கள். அவர் இறந்து பத்து ஆண்டுகள் கழிந்திருந்தன.

பெரியவரை விடுங்கள், அவர் நல்லவர். எனக்கு அச்சமூட்டியவர் வேறொருவர். பள்ளி விழாவுக்குத் தலைமை தாங்க வந்த ஏற்றுமதிச் செல்வர் சொன்னார்: "திருப்பூர் தானாக அமைந்த ஊர். எவரும் திட்டமிடவில்லை, ஆகவே எவரும் தலையிடாதீர்கள்!" கைத்தட்டல் கூரையைப் பிளந்தது. பேச்சின் முன்பாதி பெருமளவு உண்மைதான். ஒரு கூரையின் கீழ் நிட்டிங், மற்றொன்றில் சாயம், வேறொன்றில் தையல், இன்னொன்றில் காஜா பட்டன். எந்த அமைச்சரும் படம் வரைந்து தரவில்லை. ஆனால், 'ஆகவே' என்றாரே, அந்த ஒரு சொல்லில் ஊரையே விற்றுவிட்டார்!

நொய்யல் எப்படி நஞ்சாயிற்று? அதுவும் தானாகத்தான்! சாயநீரைத் தன் வாசலுக்கு அப்பால் தள்ளிவிடு என்பது பட்டறைகளின் விதி. 1992-இல் பாசனத்துக்கெனத் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக் குட்டையாயிற்று. ஆற்றைக் கொல்லுவோம் என்று எவர் தீர்மானம் போட்டார்? ஒருவருமில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொல்லிற்று. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாதவாறு சுத்திகரித்தால்தான் திறக்கலாம் என்றாயிற்று. விதி மாறிற்று, தொழிலும் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டது. (ஒழுகல் முழுவதும் நின்றதா என்பது வேறு வழக்கு.)

தாமஸ் ஷெல்லிங் என்ற பொருளியல் அறிஞர் 1971-இல் எழுதினார். கட்டம் போட்ட பலகையில் இருவகைக் காசுகள். அண்டையில் மூன்றில் ஒரு பங்கேனும் தன்னினம் இருந்தால் போதும், இல்லையேல் இடம் பெயரும். இவ்வளவு மென்மையான விருப்பம்கூட, பலகையை இரண்டு சேரிகளாகப் பிளந்துவிடுகிறது! 2005-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதைப் படித்த சாதிமான் ஒருவர் என்னிடம் துள்ளினார்: "பார்த்தீரா, ஊரும் சேரியும் தானாக அமைந்தவை!" அன்பரே, காசுக்கு நகர உரிமை இருந்தது. எம் மக்கள் நகர்ந்தபோது குடிசைக்குத் தீ வைத்தார்கள். அதைத் தானாக அமைந்தது என்று எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அன்று திரைமுன் நின்றவர்களில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, அமைப்புப் பலகத்தைத் திறந்து நிறங்களின் எண்ணிக்கையை மாற்றினாள். வேறு கோலம் வந்தது. மறுபடி மாற்றினாள், மறுபடி வேறு. அவள் தாய் பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டுகிறார். ஒரு தரகர் அவர் வீட்டுக்கு வந்து போகிறார்: பெண்ணை மூன்றாண்டுக்கு நூற்பாலைக்கு அனுப்பினால், முடிவில் மொத்தமாய்ப் பணம், திருமணத்துக்கு ஆகும். சுமங்கலித் திட்டம் என்று இந்தப் பகுதியில் மங்கலப் பெயர் சூட்டப்பட்ட ஒப்பந்தம். விடுதிக்குள் அடைத்து, கூலியைப் பிடித்து வைத்து, பாதியில் வெளியேறினால் அத்தொகையும் கைக்கு வராதபடி எழுதிய விதி.

"எல்லாம் அப்படியப்படியே அமையுதுங்க சார். நாம என்ன செய்ய?" என்றார் அந்தத் தாய்.

தரகர் வெள்ளிக்கிழமை வருகிறாராம். நான் வியாழன் மாலையே அந்த வீட்டிற்குப் போகிறேன். தொழிலாளர் சங்கத் தோழர் ஒருவரும், மேல்நிலைப் படிப்புக்கான உதவித்தொகை விண்ணப்பமும் என்னுடன் வருகின்றன.